கேட் தாண்டிட்டேன் என்ற சொல்

என்னிடம் 407 என்கிற சின்ன லாரி ஒன்று இருக்கிறது. சொந்த வண்டி. அதற்கு முன் பதினோரு வருஷம் அடுத்தவர் வண்டி ஓட்டினேன். அதில் பெரிய குறை ஒன்றும் இல்லை. ஆனால் காலையில் ஒருத்தர் வாசலில் போய்ச் சாவிக்கு நிற்க வேண்டும். திரும்ப அப்படி நிற்கக் கூடாது. இங்கே எழுதப் போகிற விஷயத்தில் எனக்கு இருந்த பயம் அது ஒன்றுதான்.

பிறந்தது கட்சால் தீவில். அப்பாவும் அம்மாவும் இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்து அங்கே ரப்பர் பால் வெட்டியவர்கள். சுனாமியில் கடல் ஏறிய பிறகு நாங்கள் போர்ட் பிளேருக்கு எதிர்க்கரையில் இருக்கிற பாம்பூஃப்ளாட் வந்துவிட்டோம். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி.

சொந்த வண்டி என்றால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் விற்க வேண்டியதுதான். இங்கே சரக்கெல்லாம் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வருகிறது. யாருக்கு என்ன வந்திருக்கிறது, எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று ஏஜென்டுக்குத் தெரியும். எந்த வண்டி சும்மா நிற்கிறது என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்து விடுவது அவர் தொழில். அவர் போன் போட்டால் எனக்கு வேலை. போடாவிட்டால் வண்டியைத் துடைத்துக்கொண்டு இருக்கலாம்.

என் ஏஜென்ட் போர்ட் பிளேரில் லம்பா லைனில் இருக்கிறார். வீட்டு முன் அறைதான் ஆபீஸ். ஒரு மேசை, இரண்டு போன், ஒரு ஃபேன், சுவரில் மாதா படம். குடும்பம் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை. அப்பா கடலுக்குப் போனவர். இவருக்குக் கப்பலில் கால் வைத்தாலே வாந்தி வரும். "கடல் என்னைத் துப்பிட்டு மக்கா, அதான் ரோட்டுல கெடக்கேன்" என்பார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். எல்லாரையும் மக்கா என்பார். நான் அண்ணே என்பேன்.

எங்களுக்குப் பெரிய வேலை வடக்கே போகிற சரக்குதான். பாராடாங், ரங்கத், மாயாபந்தர், டிக்லிபூர் எல்லாவற்றுக்கும் ஒரே ரோடு. அந்த ரோட்டில் ஜிர்காடாங்கில் ஒரு கேட். அதற்கு அப்பால் ஜாரவா பழங்குடி மக்களின் காடு. நாளைக்குச் சில தடவைதான் கேட் திறக்கும். வண்டிகள் எல்லாம் போலீஸ் காவலோடு வரிசையாகப் போக வேண்டும். அதைத்தான் கான்வாய் என்கிறோம். நடுவில் நிற்கக் கூடாது. இறங்கக் கூடாது. முந்தக் கூடாது. ஒரு கான்வாயை விட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். கடைசியை விட்டால் மறுநாள் காலைதான்.

காட்டுக்குள் போன் வேலை செய்யாது. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கேட்டில் கான்வாய் நகர்கிறபோது டிரைவர் ஏஜென்டுக்குப் போன் போட்டு "கேட் தாண்டிட்டேன்" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்தான். அதை வைத்து ஏஜென்ட் ரங்கத்துக்கோ மாயாபந்தருக்கோ வண்டி இத்தனை மணிக்கு வரும் என்று சொல்வார். அங்கே சரக்கு இறக்குகிற ஆட்களை வரச் சொல்வார்கள். கடையைத் திறந்து வைப்பார்கள். பக்கத்துத் தீவுக்குப் போகிற சரக்காக இருந்தால் படகைக்கூட நிறுத்தி வைப்பார்கள். காகிதம் கிடையாது. கையெழுத்து கிடையாது.

அந்தச் சொல்லை நான் வீட்டில் உட்கார்ந்துகொண்டு சொன்னேன்.

அன்றைக்குச் சரக்கு டைல்ஸ். ரங்கத்தில் ஒரு கட்டட வேலைக்கு. மத்தியானக் கான்வாய் என்று பேச்சு. ஹாடோ துறைமுகத்தில் ஏற்றிக்கொண்டிருந்தபோது எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அங்கே வந்து நின்றார். அலமாரி வாங்கியிருக்கிறார். "உங்க வீட்டு வழியாத்தானே போறீங்க" என்றார். வழிதான். டைல்ஸ் மேலே அலமாரியைக் கட்டிக்கொண்டு, வண்டி ஏற்றுகிற ஃபெரிப் படகில் வந்தேன். எங்கள் வீடுகள் மேட்டில் இருக்கின்றன. நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் பிடித்து அதை மேலே ஏற்றி வைக்க ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. அவருக்கு முதுகு வலி வேறு. இரண்டு படிக்கு ஒரு தடவை கீழே வைத்தார்.

மத்தியானக் கான்வாய் இனி கிடைக்காது என்று தெரிந்தது. மழையும் பிடித்துக்கொண்டது. சாப்பிட்டு விட்டு அடுத்ததில் போகலாம் என்று உட்கார்ந்தேன். கான்வாய் நகர்கிற நேரம் பார்த்து அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"கேட் தாண்டிட்டேன் அண்ணே."

"சரி மக்கா. மழை. பாத்துப் போ."

போனை அணைத்து வைத்தேன். காட்டுக்குள் இருக்கிற போன் எப்படி இருக்குமோ அப்படி இருக்க வேண்டுமே. இந்த வேலையைச் செய்யாத டிரைவர் குறைவு. அடுத்த கான்வாயில் போய்ச் சேர்ந்து, பாராடாங் ஃபெரியில் லைன் பெரிசு என்று சொன்னால் முடிந்தது. யாரும் போய்ப் பார்க்கப் போவதில்லை.

குழம்பு கொதித்து இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. சோற்றில் கை வைத்திருந்தேன். மனைவியின் போன் அடித்தது. அவள் எடுத்தாள்.

"ஆமாங்க... இல்லையே, இங்கதான் இருக்காரு. சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு. குடுக்கவா?"

என்னிடம் நீட்டினாள்.

"யாரு?"

"ஏஜென்ட் அண்ணன். நீங்க நல்லா இருக்கீங்களான்னு கேக்குறாரு. குரலே சரியில்ல."

வாங்கினேன். இடது கையால் காதில் வைத்தேன்.

"சாப்பிடுறியா?"

"ஆமா அண்ணே."

"என்ன கொழம்பு?"

"மீன்."

"சாப்பிடு." வைத்துவிட்டார்.

என்ன நடந்தது என்று பிறகு தெரிந்தது. மழையில் காட்டு ரோட்டில் ஒரு மரம் விழுந்திருக்கிறது. மத்தியானக் கான்வாய் போன பாதையில். யார் மேலும் விழவில்லை. ஆனால் கேட்டிலிருந்து லம்பா லைன் வருவதற்குள் பேச்சு மாறிவிட்டது. சின்ன லாரி ஒன்றின் மேல் விழுந்துவிட்டது என்று அண்ணனிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். கான்வாயில் சின்ன லாரி என்றால் அவருக்குத் தெரிந்து நான் ஒருத்தன்தான். என் போன் அணைந்திருக்கிறது. ஸ்கூட்டரை எடுத்து வாசலில் நிறுத்தியிருக்கிறார், ஜிர்காடாங் போக. அதற்கு முன் வீட்டுக்குச் சொல்ல வேண்டும் அல்லவா. அந்தப் போன்தான் அது.

மனைவி என்னைத் திட்டவில்லை. "பொய் சொல்றதா இருந்தா என்கிட்டயும் சொல்லி வைங்க. நான் என்னத்தக் கண்டேன்?" என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

டைல்ஸை மறுநாள் கொண்டு போய் இறக்கினேன். ஒரு பெட்டி உடையவில்லை. அதைச் சொல்லலாம் என்று போன் போட்டேன். "ம்" என்றார். அதற்குப் பிறகு அவர் போன் வரவில்லை.

ஒரு வாரம் பார்த்தேன். இரண்டு வாரம் பார்த்தேன். சாத்தம் ஃபெரித் துறைப் பக்கம் வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு, வீடு மாற்றுகிறவர்கள், மணல் கேட்கிறவர்கள் என்று கிடைத்ததை ஏற்றினேன். வண்டி பாதி நாள் நின்றது. பழைய முதலாளி ஒரு நாள் டீக்கடையில் பார்த்து, "என்னப்பா, என் வண்டிக்கு ஆள் வேணும், வர்றியா?" என்றார். நல்ல மனுஷன்தான். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

வேறொரு ஏஜென்டைப் பிடித்தேன். பேச்சில் சர்க்கரை. மாயாபந்தருக்குக் கம்பி இருக்கிறது, திரும்பி வரத் தேங்காய் ரெடி, பக்கா என்றார். கம்பியை இறக்கிவிட்டுத் தேங்காய்க் கடைக்குப் போனேன். கடைக்காரர் தெலுங்குக்காரர். ஹிந்தியில் சொன்னார். "கிஸ்னே போலா பாய், யார் சொன்னது? எங்கிட்ட யாரும் பேசவே இல்லையே." போன் போட்டேன். அந்த ஏஜென்டின் போன் அணைந்திருந்தது.

காலி வண்டி அதிகம் சத்தம் போடும். மாயாபந்தரிலிருந்து பாம்பூஃப்ளாட் வரை அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வந்தேன். அந்த ஆளைத் திட்ட வாய் வரவில்லை. போனை அணைக்கிற வேலை எனக்கும் தெரிந்த வேலைதான்.

மறுநாள் லம்பா லைன் போனேன். அண்ணன் போனில் யாரிடமோ ஹிந்தியில் கத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். நாற்காலியைக் காட்டவில்லை. பேசி முடித்துவிட்டுக் கேட்டார்.

"வா மக்கா. மீன் கொழம்பு தீந்துபோச்சா?"

"தப்புதான் அண்ணே."

"எது தப்பு?"

"தாண்டாம தாண்டிட்டேன்னு சொன்னது."

"லேட்டுன்னு சொல்லியிருந்தா என்னலே ஆயிருக்கும்? ரங்கத்துக்காரன் என்னை நாலு வார்த்தை ஏசியிருப்பான். ஏச்சு வாங்கத்தானே நான் இங்க ஃபேன் போட்டு உக்காந்திருக்கேன். அதுக்குத்தானே ஏஜென்ட்டு?"

மேசையில் போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை.

"அந்தத் தங்கச்சிகிட்ட என்ன சொல்றதுன்னு நின்னேன் பாரு, அரை மணி நேரம். மரம் விழுந்துட்டுன்னு சொல்லவா? ஆளைக் காணலன்னு சொல்லவா? ரெண்டு தடவை நம்பரைப் போட்டுக் கட் பண்ணிட்டேன். மூணாவது தடவை எடுத்து ஹலோங்குது. எனக்கு நாக்கு ஒட்டிக்கிட்டு. 'சாப்பிடுறாரு'ங்குது. நான் சந்தோஷப்படவா, உன்னைச் செருப்பால அடிக்கவா?"

"ரெண்டும் செய்யுங்க அண்ணே."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே நிறுத்திக்கொண்டார்.

"வடக்கே இப்ப இல்ல. ஊருக்குள்ள ஓட்டு. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்க. கெட்ட சேதின்னா முதல்ல எனக்கு வரணும். சரக்குக்காரனுக்கு முன்னால, உன் வீட்டுக்கு முன்னால. நல்ல சேதி மெதுவா வரட்டும், அவசரமில்ல."

"சரி அண்ணே."

"உக்காரு. டீ சொல்றேன்."

அப்புறம் அஞ்சாறு மாசம் ஊருக்குள்தான். ஹாடோவிலிருந்து கராச்சர்மா, டாலிகஞ்ச், ஜங்லிகாட். சிமெண்ட் மூட்டை ஒன்று கிழிந்தால் சரக்குக்காரர் பார்க்குமுன் அண்ணனுக்குப் போன் போடுவேன். ஒரு தடவை வாஷ்பேசினில் விரிசல். ஏற்றும்போதே இருந்ததா, நான் பள்ளத்தில் இறக்கியதில் வந்ததா, எனக்கே தெரியாது. அதையும் அப்படியே சொன்னேன். "தெரியலன்னு சொல்ற முதல் டிரைவர் நீதான்" என்றார். பாராட்டா கேலியா என்று புரியவில்லை.

அவரும் எனக்கு அப்படி இருந்தார். அதைச் சொல்ல வேண்டும். ஒரு நாள் காலையில் போன். "மக்கா, காகிதத்துல ரெண்டு டன்னு போட்டிருக்கு. நான் கண்ணால பாத்தேன், மூணுக்குக் குறையாது. வேண்டாம்னா சொல்லு, நான் வருத்தப்பட மாட்டேன்." இன்னொரு நாள், "இந்த மாவு மூட்டை கப்பல்லயே நனைஞ்சது. ஏத்தும்போது போட்டோ எடுத்துக்க. இல்லன்னா உன் தலையில கட்டுவானுக." அவருக்கு அதைச் சொல்ல அவசியம் இல்லை. சொல்லாமல் ஏற்றி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். நனைந்ததை நான் பார்த்துக் கேட்டிருந்தால் அப்போது சொல்லியிருக்கலாம். அவர் நான் கேட்கும் வரை நிற்கவில்லை.

பிறகு வடக்கே விட்டார். முதலில் பாராடாங். பிறகு ரங்கத். கேட்டில் நின்று அந்தச் சொல்லைச் சொல்லும்போது வாய் கொஞ்சம் கூசும். சொல்லி முடித்த பிறகுதான் கியர் போடுவேன்.

கோழிக்குஞ்சு வந்தது அதற்கு அப்புறம்.

ரங்கத்தில் ஒரு பெங்காலி அம்மா கோழி வளர்க்கிறார். குஞ்சு மெயின்லேண்டிலிருந்து விமானத்தில் வரும். பொரித்து ஒரு நாள் ஆன குஞ்சு. பெட்டிக்கு நூறு, பத்துப் பெட்டி. ஓட்டை போட்ட அட்டைப் பெட்டி. முந்தின தடவை வேறு வண்டியில் போனபோது டிரைவர் வெயிலில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறான். பாதிக்கு மேல் செத்துவிட்டன. இந்தத் தடவையும் போனால் ஷெட்டைப் பிரித்து மாட்டுத் தொழுவம் ஆக்கிவிடுவேன் என்று அந்த அம்மா அண்ணனிடம் சொல்லியிருந்தார். அண்ணன், "என் ஆள் ஒருத்தன் இருக்கான், அவனை அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டார். அந்த ஆள் நான்.

"அவங்களுக்கு இது கடைசித் தடவை மக்கா. எனக்கும் அந்தம்மாகிட்ட இதுதான் கடைசித் தடவை" என்றார்.

விமானம் தாமதம். பெட்டிகள் கைக்கு வந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. கடைசிக் கான்வாயைப் பிடிக்க நேரம் இருந்தது. கொஞ்சம்தான். இரண்டு வழி உண்டு. சிப்பிகாட் பக்கமாகச் சுற்றிப் போகிற ரோடு ஒன்று. சாத்தத்தில் ஃபெரி ஏறி பாம்பூஃப்ளாட்டில் இறங்குவது இன்னொன்று. ஃபெரி வழி தூரம் குறைவு. எந்த வழி என்று அண்ணன் சொல்லவில்லை. நான்தான் முடிவு செய்தேன். பாம்பூஃப்ளாட்டுக்காரன் கை தானாக ஃபெரிக்குத்தான் திரும்பும். அன்றைக்கு அது தப்பு.

சாத்தத்தில் போய் நின்றபோது கப்பல் ஒன்று துறைமுகத்துக்குள் வந்துகொண்டிருந்தது. அது போகும் வரை ஃபெரி அந்தக் கரையில் நின்றது. வண்டியைத் திருப்பலாமா என்று பார்த்தேன். பின்னால் லைன் அடைத்துவிட்டது. குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. நிற்கிற வண்டியில் காற்று இல்லை. தார்ப்பாயை இரண்டு பக்கமும் தூக்கிக் கட்டினேன். வேறு என்ன செய்ய முடியும்.

ஜிர்காடாங் போய்ச் சேர்ந்தபோது கேட் மூடியிருந்தது. கடைசிக் கான்வாயின் கடைசி வண்டி வளைவில் திரும்புவது தெரிந்தது. அவ்வளவு கிட்டே.

வண்டியை மரத்தடியில் போட்டேன். போனை எடுத்தேன். இதை ஒளிக்காமல் எழுதுகிறேன். பழைய யோசனை வந்தது. தாண்டிட்டேன் என்று சொல்லிவிட்டுக் காலை முதல் கான்வாயில் போய், காட்டுக்கு அப்பால் வண்டி ரிப்பேர் ஆகிவிட்டது என்று சொல்லலாம். செத்தது செத்துப் போகட்டும், பொறுப்பு வண்டி மேல் விழும். அண்ணன் அந்த அம்மாவிடம் தலை நிமிர்ந்து பேசலாம். அவருக்கும் அதுதான் நல்லது என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அப்படித் தோன்றினால் உடனே போன் போட்டுவிட வேண்டும். போட்டேன்.

"அண்ணே, கேட் போயிட்டுது. கடைசிக் கான்வாய். ஃபெரியில வந்தேன். ரோட்டுல வந்திருக்கணும். என் தப்பு."

அவர் ஏசவில்லை. நேரே கேட்டார்.

"குஞ்சு?"

"கத்துது."

"கத்துனா சரி. நெழல்ல நிக்கியா?"

"மரத்தடியில."

"மூடியைக் கொஞ்சம் தெறந்து விடு. பத்து நிமிசம் இரு. நகராத."

பத்து நிமிஷம் என்றார். கால் மணி ஆனது. அந்த நேரத்தில் அவர் அந்த அம்மாவிடம் பேசியிருக்கிறார். அங்கே என்ன ஏச்சு வாங்கினார் என்று பிறகும் அவர் என்னிடம் முழுசாகச் சொல்லவில்லை. "நம்ம அம்மாமாருக்குத் தெரியாத வார்த்தைகூட பெங்காலில இருக்கு மக்கா" என்றார், அவ்வளவுதான். பேசி முடித்துவிட்டு, நான் வந்த வழியிலேயே ஃபெரார்கஞ்சில் கோழிப் பண்ணை வைத்திருக்கிற ஒரு மலையாளிக்குப் போன் போட்டிருக்கிறார். என்னைத் திரும்பி அங்கே போகச் சொன்னார்.

போனேன். அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோட்டிலேயே நின்றிருந்தார். ஹிந்தியும் மலையாளமும் தமிழும் கலந்து பேசினார்.

"க்யா பாய், ஆயிரம் பேரைக் கூட்டிட்டு வந்து, தங்க எடம் உண்டோன்னு கேக்குறீங்க? கல்யாண வீடா இது?"

"ஒரு ராத்திரிதான் சேட்டா."

"ஒரு ராத்திரி போதும் சாகறதுக்கு. எறக்கு, எறக்கு."

அவருடைய ஷெட் ஒன்று காலியாக இருந்தது. பல்பு போட்டு, கீழே மரத்தூள் பரப்பி வைத்திருந்தார். பெட்டி பெட்டியாகத் திறந்து விட்டோம். வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்துச் சின்னத் தட்டுகளில் வைத்தார். ஒவ்வொரு குஞ்சின் அலகையும் அதில் ஒரு தடவை முக்கிவிட வேண்டும், அப்போதுதான் குடிக்கப் பழகும் என்றார். உட்கார்ந்து முக்கினோம். ஆயிரமும் முடியவில்லை. முக்கினதைப் பார்த்து மற்றது குடித்துக்கொண்டது. பெட்டியிலேயே செத்துக் கிடந்தவை பதினேழு. அதை உடனே அண்ணனுக்குச் சொன்னேன்.

காலையில் முதல் கான்வாய். குஞ்சுகளைத் திரும்பப் பெட்டியில் அடைத்து, செத்ததையும் கணக்குக்காகத் தனியாகக் கட்டிக்கொண்டு, இருட்டு பிரியுமுன் கேட்டில் போய் நின்றேன். காட்டுக்குள் வண்டியை நிறுத்தவும் முடியாது, இறங்கிப் பார்க்கவும் முடியாது. காது மட்டும்தான். குஞ்சு சரியாக இருந்தால் சத்தம் ஒரே மாதிரி, மழை பெய்கிற மாதிரி இருக்கும். குளிர்ந்தால் கீச்சென்று ஏறும். சத்தமே இல்லாவிட்டால் அதுதான் மோசம். பாலத்துக்குக் கீழே தண்ணீர் ஓடுகிற இடத்தில் எனக்குச் சத்தம் கேட்கவில்லை. தண்ணீரைத் தாண்டியதும் கேட்டது. காடு முடிந்து மிடில் ஸ்ட்ரெய்ட்டில் பாராடாங் ஃபெரிக்கு நின்றபோது மேலே ஏறிப் பார்த்தேன். இன்னும் நாலு செத்திருந்தன.

ரங்கத்தில் அந்த அம்மா ஷெட் வாசலில் நின்றிருந்தார். வயசு ஐம்பது இருக்கும். சேலையை இடுப்பில் செருகியிருந்தார்.  பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, ஒவ்வொரு குஞ்சாக எடுத்துக் காலைப் பார்த்து, வயிற்றைத் தடவி, கீழே விட்டார். செத்ததைத் தனியாக வரிசையாக வைத்தார். நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரொம்ப நேரம் ஆனது. கடைசியில் வரிசையில் இருபத்தாறு.

"சப்பீஸ்" என்றார். இருபத்தாறு என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"ஹாங் ஜி, ஆமா."

"நேத்தே வந்திருந்தா?"

"குறைஞ்சிருக்கும்."

"எவ்வளவு?"

"தெரியாது ஜி."

தலையை ஆட்டினார். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குஞ்சுக்கு இல்லை, எனக்கு. குடித்துவிட்டுப் பாத்திரத்தைத் திண்டில் வைத்தேன். "அடுத்த தடவை உன் வண்டி வேண்டாம். ஏஜென்ட் கிட்டே நானே சொல்றேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஷெட்டைப் பிரிக்கிற மாதிரியும் தெரியவில்லை. தீவனத் தட்டுகளைச் சரிசெய்யப் போய்விட்டார்.

பஜாரில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் போன் வந்தது.

"அந்தம்மா பேசுச்சு."

"தெரியும் அண்ணே. என்கிட்டயே சொல்லிட்டாங்க."

"நான் உனக்காக நாலு வார்த்தை பேசிப் பாத்தேன். கேக்கல. ஆனா அடுத்த மாசமும் ஆயிரம் வேணும், நீயே அனுப்பு, வண்டி மட்டும் மாத்துன்னுது. உன் சேதியைக் கேட்டுத்தான் மலையாளியைப் புடிச்சேன்னும் சொன்னேன். அதுக்கும் ஆமான்னுது. ஆனா வண்டி வேண்டாமாம்."

"அவங்க சொல்றது நியாயம்தானே அண்ணே."

"நியாயம்தான். அதான் எனக்கு மேல பேச வரல. வருத்தமா?"

"ஆமா."

"சரி. ரங்கத் பஜார்லயே இருக்கேல்ல? மார்க்கெட்டுக்குப் பின்னால பாக்கு மண்டி இருக்கு. முப்பது மூட்டை உலர்ந்த பாக்கு, போர்ட் பிளேருக்கு. நேத்து ராத்திரியே பேசி வச்சேன், நீ காலியா வரக் கூடாதுன்னு. போய் ஏத்து. மூட்டையைக் கையால தூக்கிப் பாரு, ரெண்டு மூணு ஈரமா இருக்கும். அதைத் தனியா வாங்கி வை."

நேற்று ராத்திரி என்றால் அந்த அம்மா அவரை ஏசிய பிறகு. நான் கேட்டைத் தவற விட்ட பிறகு. குஞ்சு பிழைக்குமா என்று யாருக்கும் தெரியாத நேரத்தில். பாக்கு மண்டிக்குப் போனேன். முப்பது மூட்டை இருந்தது. இரண்டு ஈரம். தனியாக வாங்கி மேலே வைத்தேன்.

பழைய முதலாளி தன் வண்டிக்கு வேறு ஆள் பார்த்துக்கொண்டார். என் வண்டி என்னிடம் இருக்கிறது. டயர் இரண்டு மாற்ற வேண்டும்.

குஞ்சு இப்போதும் மாசா மாசம் ரங்கத் போகிறது. வேறு வண்டியில். ஃபெரார்கஞ்ச் பக்கத்துப் பையன்தான், நல்ல கை. முதல் தடவை அவன் பெட்டிகளை ஏற்றும்போது நானும் விமான நிலையம் போயிருந்தேன். தார்ப்பாயை எப்படித் தூக்கிக் கட்டுவது என்று காட்டினேன். ஃபெரியில் போகாதே, சிப்பிகாட் சுற்றிப் போ, தூரம் பார்க்காதே என்று சொன்னேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றான்.

"நான் கான்வாயை விட்டிருக்கேன்" என்றேன்.